பள்ளிக்கு அனுப்பலாமா? வாசகர் கேள்வி பதில்

கொரோனாவால் மூடிக் கிடந்த 1 முதல் 8 வரையிலான வகுப்புகளை 2021 நவம்பர் 1 அன்று திறப்பதாகத் தமிழக அரசு அறிவித்த பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் வரவில்லை. பெரிய வகுப்புகள் நடந்தால் போதாதா?
– ஒரு தாய், செய்யாறு

சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பொதுத்தேர்வை மனதில் வைத்து 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகளைத் திறந்தோம். பிறகு பிப்ரவரியில் 9, 11. மார்ச்சில் 9, 10, 11-ஐ மறுபடி பூட்டி, செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை திறந்தோம். டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே பள்ளிகளைத் திறந்தபோது மழலையர், தொடக்க வகுப்புப் பிள்ளைகளைத்தான் முதலில் வரவழைத்தது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2021 ஜூலையில், திறப்பதானால் தொடக்கப் பள்ளியிலிருந்து தொடங்கலாம் என்றது. இந்தக் கிருமி பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் சிறுவர்களிடம் குறைவு, பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகத் தாங்குகிறார்கள் என்பது அது சொன்ன காரணம்.

அதே கழகத்தின் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு நோயெதிர்ப்புப் பொருள் இருந்தது. தடுப்பூசி போடாத வயது என்பதால், அது தொற்று வந்து போனதற்கான அடையாளம். பள்ளி பூட்டிக் கிடந்தபோதே, வீட்டிலும் தெருவிலும் வந்து போயிருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வீட்டுப் பெரியவர்களை. தாத்தா பாட்டி இரண்டாம் தவணை போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டதா? கோவிஷீல்டுக்கு 2021-இல் இரு தவணைக்கும் நடுவே 84 நாள் இடைவெளி வேண்டும் என்று இருந்ததால், பள்ளி திறக்கும் நாளில் முதல் ஊசி போட்டவருக்கும் 2022 பொங்கலுக்குப் பிறகுதான் முழுக் காப்பு. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை, கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டபின் அனுப்புங்கள். 2021 நவம்பர் திறப்பில் வருகை கட்டாயமில்லை, யாரும் உங்களை மிரட்ட முடியாது.

ஆன்லைன் வகுப்பு, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் நடக்கிறதே. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் என்ன?
– ஓய்வுபெற்ற அலுவலர், தஞ்சாவூர்

நடப்பது உண்மை; போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். பொருளாதார அறிஞர் ஜான் ட்ரீஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்களின் 1,400 பிள்ளைகளிடம் விசாரித்து, செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தது 8 சதவீதம். எதையுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையோடு வீட்டின் ஒரே போனும் காலையில் கிளம்பிவிடுகிறது. சாயங்காலம் அது திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும்.

சோற்றையும் கணக்கில் எடுங்கள். மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அது வீட்டு அடுப்பில் எல்லோருக்கும் சேர்ந்துதான் வெந்தது. பிள்ளையின் தட்டுக்கென்று தனியாக வரவில்லை. ஆறு மாதம் பொறுக்கலாம் என்று சொல்லத் தனி அறையும் வைஃபையும் உள்ள வீட்டால்தான் முடியும்.

எங்கள் தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், இரண்டே அறை, ஒரு தாழ்வாரம். எப்படி உட்கார வைப்பது?
– தலைமை ஆசிரியர், அரியலூர் மாவட்டம்

சுண்ணாம்புக் கட்டியும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை 20க்கு 20 அடி என்று வைப்போம். கரும்பலகைக்கும் ஆசிரியருக்கும் முன்பக்கம் 5 அடி விட்டுவிட்டு, சுவரோரம் ஓரடி தள்ளிக் கோடு போட்டால், அகலம் 18 அடியும் நீளம் 14 அடியும் மிஞ்சும். ஆறடி இடைவெளி என்று பிடிவாதமாக நின்றால் 4 வரிசை, வரிசைக்கு 3 பேர், 12 பேர்தான். மூன்றடி என்றால் 35 பேர் கொள்ளும், ஆனால் மூச்சு முட்டும். 4 வரிசையில் நான்கு நான்கு பேராக 16 பேரை வையுங்கள். பக்கவாட்டில் 6 அடி, முன்பின் நான்கரை அடிக்கு மேல் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கேட்ட ஒரு மீட்டரைவிட இது அதிகம்.

64 பேர் நான்கு குழுவாகிறார்கள். இரண்டு குழு திங்கள், புதன், வெள்ளி. மற்ற இரண்டும் செவ்வாய், வியாழன், சனி. அண்ணன் தங்கை ஒரே குழுவில் வரட்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டிலிருந்து இரண்டு குழுவுக்கும் தொற்று பரவும். குழுவை மாற்றாதீர்கள், இடத்தையும் மாற்றாதீர்கள், வரைபடத்தைக் கதவில் ஒட்டுங்கள். மூன்றாவது ஆசிரியர் தாழ்வாரத்தில் ஆறேழு பேராகக் கூப்பிட்டு எழுத்துக் கற்றுத்தரட்டும்.

சாப்பாட்டு நேரம்தான் அதிக ஆபத்து. முகக்கவசம் இறங்கும், பேச்சு கூடும். குழு குழுவாக, தாழ்வாரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காரட்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டியிருக்கிறோம். கிருமிநாசினி தெளிக்கும் இயந்திரம் வாங்கலாமா?
– கழக உறுப்பினர், பல்லடம்

வேண்டாம். உங்கள் திருப்பூரில்தான் 2020 ஏப்ரலில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கியதும், மனிதர்மேல் மருந்தடிப்பதில் பயனில்லை, கெடுதல்தான் என்று அரசே நிறுத்தச் சொன்னது. இந்த நோய் பெரும்பாலும் காற்றில் வருகிறது. கைப்பிடி, மேசையைத் துடைக்க 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு போதும். அன்றன்று கலக்குங்கள், பழசானால் வீரியம் போய்விடும். கழிவறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்; நச்சுவாயு கிளம்பும்.

பணத்தை ஜன்னலுக்குச் செலவிடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களில் ஒன்றை எப்போதும் பீரோவோ உடைந்த பெஞ்சுகளோ மறைத்திருக்கும், அதை அகற்றுங்கள். துருப்பிடித்த கொக்கியை மாற்றுங்கள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் மூலை மூலையாகப் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் காற்று வருகிறது. நேரே மேலே போய் அங்கேயே சுற்றினால் அது தேங்கும் மூலை. மின்விசிறி உள்ளிருக்கும் காற்றையே கிளறும், புதுக் காற்றைக் கொண்டுவராது. தேங்கும் பக்கத்து ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள்.

மிச்சப் பணத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்று வாங்கலாம்; விட்ட மூச்சு அறையில் தேங்கினால் அதன் எண் ஏறும். அகச்சிவப்பு உணரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவை பல வெறும் ஊகக் கணக்கு. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் காட்டும். வகுப்பு 800க்குள் இருந்தால் நல்லது. 1500 தாண்டினால் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு 20 பேர் உட்கார்ந்தால் அரைமணியில் அந்த எண் வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலை எப்படித் திறந்து வைப்பது?
– ஆசிரியை, சிதம்பரம்

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. தெற்கு, மேற்கு ஜன்னல்களையும் மேலே உள்ள வென்டிலேட்டர்களையும் திறந்தே வையுங்கள். அந்தத் துளைகளில் அட்டை அடைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்துவிட்டால்?
– பல வாசகர்கள்

இருமலோ காய்ச்சலோ தெரிந்தால் தாழ்வாரத்தில் தனியே உட்கார வைத்து, ஆறுதலாகப் பேசி, வீட்டுக்குச் சொல்லுங்கள். இருட்டறையில் அடைக்காதீர்கள். உறுதியானால் அந்தக் குழு மட்டும் 14 நாள் வீட்டில் இருக்கட்டும். கதவில் ஒட்டிய வரைபடம் அப்போதுதான் உதவும். குழு கலந்துபோயிருந்தால் பள்ளி முழுவதையும் பூட்ட வேண்டிவரும்.

தொற்று குணமாகி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுவலி வந்தால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அரிதாகவே வரும் ஒருவகை அழற்சி அது. சீக்கிரம் பார்த்தால் குணப்படுத்தலாம்.

இரண்டாம் வகுப்புப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?
– இடைநிலை ஆசிரியை, போளூர்

புத்தகத்தை மூடி வையுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, எழுத்து தெரிகிறதா, சொல் படிக்கிறதா, வரி படிக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கு 247-ஐயும் ஒப்பிக்கவிட வேண்டாம். ட, ப, ம மூன்றும் வந்தால் படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே படித்துவிடுவார்கள். பென்சில் பிடித்தே பழகாத விரல்கள் என்பதால், முதல் பத்து நாள் மணலிலும் கரும்பலகையிலும் எழுதட்டும்.