திராட்சைக் கொத்தில் வினிகர் வாடை

கேள்வி: பினாங்கு பாலிக் பூலாவில் வீட்டு முன்பந்தலில் ஒரு திராட்சைக் கொடி இருக்கிறது. நன்றாகக் காய்க்கிறது. பழுக்கும்போது மட்டும் கொத்தில் சில பழங்கள் பழுப்பாகி, நீர் ஒழுகி, வினிகர் வாடை அடிக்கிறது. கொசு மாதிரி சின்ன ஈக்களும் மொய்க்கின்றன. இரண்டு முறை பூஞ்சாணக்கொல்லி அடித்தேன், நிற்கவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஐயா, மருந்தை முதலில் நிறுத்துங்கள். அந்த வாடையே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இது புளிப்பு அழுகல். திறந்து வைத்த ஒயின் எப்படி வினிகராகுமோ, அதேதான் பழத்துக்குள் நடக்கிறது. தோல் வெடித்த இடத்தில் ஈஸ்ட் புகுந்து சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னாலேயே வரும் அசிட்டிக் பாக்டீரியா அதை வினிகராக்கும். அடிச்சாம்பல் நோய்க்கு (இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படரும் பூஞ்சாண நோய்) அடிக்கிற மருந்து இதற்குக் கேட்காது.

இதில் ஈயின் பங்கை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேகன் ஹால் குழுவினர் பிரித்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான ஆய்வு அது. காயம்பட்ட பழத்தில் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் சேர்த்து வைத்தும் நோய் முழுதாக வரவில்லை. கூடவே பழ ஈக்களை விட்டபோதுதான் பழம் அழுகி ஒழுகியது. கிருமியே இல்லாமல் வளர்த்த ஈக்களை விட்டபோதும் அப்படித்தான்! ஆக, ஈ வெறுமனே கிருமியைத் தூக்கி வரும் சுமைதூக்கி அல்ல. ஈயைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

காய் நிறம் மாறி இளகத் தொடங்கும்போதே, ஒவ்வொரு கொத்துக்கும் நெருக்கமான மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிடுங்கள். மைனா கொத்துவதும் நிற்கும். அழுகிய பழத்தைக் கத்தரித்து, பந்தலடியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் ரம்புத்தான் விழுந்து கிடந்தாலும் ஈ அங்கே பெருகும், அதையும் பொறுக்கிவிடுங்கள். கொத்து ரொம்ப நெருக்கமாக இருந்தால் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கும். காய் மிளகு அளவில் இருக்கும்போதே கொஞ்சம் களைந்துவிடுவது நல்லது.

அப்புறம் மழை. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்காரர்கள் கவாத்தை, அதாவது கொடியை வெட்டிவிடும் நேரத்தை வைத்தே அறுவடை மாதத்தை முடிவு செய்கிறார்கள். நீங்களும் செப்டம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள். ஏறக்குறைய 4 மாதத்தில், பினாங்கில் மழை குறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பழுக்கும். ஆனால் துளிரும் பூவும் அக்டோபர், நவம்பர் மழையில் மாட்டும், அந்த ஈரத்தில் அடிச்சாம்பல் வரும். பந்தலுக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போடுங்கள். உங்களிடம் மீதியிருக்கும் பூஞ்சாணக்கொல்லி அடிச்சாம்பலுக்கானது என்றால், அது அந்தத் துளிர், பூ நேரத்தில்தான் வேலைக்கு வரும்.