யாழ்ப்பாணத்தில் இரவு சொன்ன தொகையும் கொழும்பு அறிக்கையும் ஏன் ஒத்துவரவில்லை?

"கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரவு ஒரு தொகை சொல்வார்கள், கொழும்பு அறிக்கையில் வேறு தொகை இருக்கும். யார் எதை மறைத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2020, 2021இல் வலிகாமத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவேடு எழுதியவன் நான். அந்த வித்தியாசம் பெரும்பாலும் யாரும் மறைத்ததால் வந்ததில்லை. மறைந்துபோன ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் இந்த இரண்டு தொகையிலுமே இல்லை.

நோய்களைப் பதியும் பழைய முறையிலிருந்து தொடங்குகிறேன். ஆஸ்பத்திரி வாட்டில் ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் எச் 544 என்ற அறிவித்தல் படிவத்தை நிரப்பி, அந்த ஆளின் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 என்ற விசாரணைப் படிவத்தை நிரப்புவார். வெள்ளிக்கிழமையோடு வாரக் கணக்கை முடித்து, எச் 399 என்ற வார அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் நோய் கணக்கில் ஏறுவது சொந்த இடத்தில்தான். வாரத்துக்கு ஒரு தடவை என்று பழகிய இந்த முறை, கொரோனா வந்ததும் நாளுக்கு நாள் தொகை கேட்டபோது திணறியது.

யாழ்ப்பாணத்தில் பி.சி.ஆர். பரிசோதனை போதனா வைத்தியசாலையிலும் மருத்துவ பீடத்திலும் நடந்தது. இங்கே வந்த மாதிரிகள் யாழ்ப்பாண ஆட்களுடையவை மட்டும் அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, தனிமைப்படுத்தல் முகாம்களில் இருந்த தெற்கத்திய ஆட்கள் என்று எல்லாம் கலந்து வரும். இரவு செய்தியில் சொன்னது, அன்று இங்கே பரிசோதித்ததில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற தொகை. கொழும்பு அறிக்கையோ ஆளின் மாவட்டத்தைப் பார்த்துப் பிரித்தது. நாள் கணக்கை முடிக்கும் நேரமும் வேறு. இரவு பத்து மணிக்கு வந்த முடிவு இங்கே இன்றைய கணக்கு, அங்கே நாளைய கணக்கு. இரண்டும் ஒத்துப்போயிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

இதில் முகவரிதான் எங்கள் உயிரை எடுத்தது. ஒரு படிவம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெயர், வயது எல்லாம் சரி. முகவரி என்ற இடத்தில் "அம்மன் கோயிலடி" என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? கொடுத்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிளில் மூன்று விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) அலைந்து, பின்னேரம் அந்த ஆளைக் கண்டுபிடித்தார். அந்த வீடு எங்கள் பிரிவே இல்லை, ஒழுங்கை தாண்டினால் அடுத்த பிரிவு. அதுவரை அவர் இரண்டு பணிமனைக் கணக்கிலும் இல்லை. இப்படி ஒன்றிரண்டு ஒவ்வொரு நாளும் இருக்கும். சில நாள் அதே ஆள் இரண்டு இடத்திலும் ஏறிவிடுவார், பிறகு ஒன்றை வெட்ட வேண்டும்.

கொத்தணி, அதாவது ஒரே இடத்திலிருந்து தொற்றிய ஆட்களின் கூட்டம், என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை, பேலியகொடை மீன் சந்தை என்று பிரித்தபோது அதற்கு அர்த்தம் இருந்தது. 2021 நடுப்பகுதியில் நாட்டுக்குள் கண்டுபிடித்தவர்களை எல்லாம் "புத்தாண்டுக் கொத்தணி" என்றே போட்டார்கள். ஏப்ரலில் படலையைத் தாண்டாத கிழவரும் ஓகஸ்டில் அதற்குள் வந்தார்.

சரி, மறைந்துபோனவர்கள் யார்? பரிசோதனைக்கே வராதவர்கள். ஒருவருக்குத் தொற்று என்றால் வீட்டுப் படலையில் அறிவித்தல் ஒட்டுவார்கள், முழு வீடும் முடங்கும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்க யார் போவது? கூலிக்குப் போகிறவர் என்ன செய்வது? காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் மாமியும் அப்படித்தான். 2021 ஓகஸ்டில் ஐந்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று அழுதார், நாங்களும் வற்புறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை விடிய இறந்தார். இறந்த பிறகு எடுத்த மாதிரியில்தான் தொற்று உறுதியானது. வெள்ளிக்கிழமை அறிவித்த மரணங்களில் ஒன்றாகச் சேர்ந்தார். நோயாகக் கிடந்த ஐந்து நாளும் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. நானே பதிவேடு எழுதுகிறவன், என் வீட்டிலேயே இப்படி.

மரணம் பிந்தி ஏறுவது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. வூகானில் 2020 ஏப்ரலில் 1,290 மரணங்களைப் பிறகு சேர்த்தார்கள். சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை அதே ஆண்டு யூலையில் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். இலங்கையிலும் பல வாரம் முந்திய மரணங்கள் ஒரே நாள் அறிவிப்பில் வந்ததுண்டு. அந்த ஒரு நாளைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர்.

இலங்கையின் மொத்தக் கணக்கு சுமார் 6,70,000 தொற்றாளர், 16,800க்கு மேல் மரணம். முதல் தொகையைப் பரிசோதனையில் பிடிபட்டவர்களின் தொகை என்று வாசியுங்கள். அன்று எத்தனை பரிசோதனை செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைக்காமல் அதை ஒரு மாதத்தோடு இன்னொரு மாதம் ஒப்பிடக் கூடாது. மரணத் தொகை ஓரளவு உறுதியானது, ஆனால் அறிவித்த திகதியை வைத்து வரைபடம் போட்டால் அலை பிழையான இடத்தில் எழும்பும். மாமியின் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பது செவ்வாய்க்கிழமைத் திகதி. நீங்கள் அந்தத் திகதியை எடுங்கள்.