தரகர் காட்டும் 1513

கேள்வி: என் மகன் நியூரம்பெர்க்கில் வேலை பார்க்கிறான். பழைய ஜெர்மன் ஓவியர் டியூரரின் 'வீரன், மரணம், சாத்தான்' படத்தின் அசல் அச்சு என்று ஒரு தரகர் 1,800 யூரோ கேட்கிறார். படத்தில் 1513 என்று இருக்கிறது, ஓரத்தில் தகடு அழுந்திய தடமும் தெரிகிறதாம். சான்றிதழும் தருவாராம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

1513 என்பது டியூரர் செப்புத் தகட்டில் செதுக்கிய ஆண்டு. உங்கள் காகிதத்தின் வயது அல்ல. அது படத்தோடு சேர்ந்தது. குதிரைவீரனின் ஈட்டியில் தொங்கும் நரிவாலும், மரணம் நீட்டும் மணற்கடிகாரமும் நகலில் வரும்போது ஆண்டும் கூடவே வந்துவிடும்.

சரி, தகட்டுத் தடம்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அமான்-துரான் என்பவர் பழைய அச்சுகளைப் புகைப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி, பழைய முறைப்படியே அச்சிட்டார். அதிலும் தடம் விழும். அவர் யோக்கியர், பின்புறம் சிவப்பு முத்திரை வைத்தார். பிற்பாடு வந்த வியாபாரிகள்தான் பின்புறம் தெரியாதபடி அட்டை ஒட்டிச் சட்டம் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தைக் கழற்ற மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

தடமே இல்லாவிட்டால் போலியா? அதுவும் இல்லை. அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் படத்தின் விளிம்பு வரை வெட்டிவிடுவார்கள். அசல் அச்சுகளில் பல இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே தடம் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்ற கணக்கு இரண்டு பக்கமும் பொய்க்கும்.

பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது வெறும் இயந்திர அச்சு. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தில், அதைச் செய்த கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரிய வேண்டும். கோடில்லாத காகிதம் ஐரோப்பாவுக்கு வந்ததே 18-ஆம் நூற்றாண்டில்தான். கோடு இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, அந்தக் காகிதம் இன்றும் கிடைக்கிறது.

சான்றிதழ் யார் எழுதியது? விற்பவரே என்றால் அது மளிகைக்கடை ரசீது மாதிரி. அருங்காட்சியகங்களிடம் விலை கேட்டால் பொதுவாக வாய் திறக்க மாட்டார்கள். ஏல விவரப் பட்டியல்களோ பெயருக்கு முன்னால் 'நாஹ்' என்று ஒரு சின்ன ஜெர்மன் சொல்லைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'டியூரரைப் பார்த்து வேறொருவர் செய்தது' என்று பொருள். விலையையே புரட்டிப்போடும் சொல், பலர் கண்ணிலேயே படுவதில்லை.

பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், இது டியூரர் செதுக்கிய தகட்டிலிருந்து வந்ததா, அவரைப் பார்த்துச் செய்ததா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.