மெயில் சர்வர் ஐபி ஸ்பாம் பிளாக்லிஸ்ட்டில் ஏறிவிட்டது, போகும் மெயிலெல்லாம் 550 (நிரந்தர மறுப்புக் குறி) என்று திரும்புகிறது. பெயரை எப்படி நீக்குவது?

நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பது கடைசி வேலை. ஸ்பாம் போகும் ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் ஐபி மறுபடியும் ஏறிவிடும். அப்படித் திரும்பத் திரும்ப ஏறும் ஐபியை அடுத்த முறை லேசில் விடமாட்டார்கள்.

முதலில் திரும்பி வந்த மெயிலை முழுதாகப் படியுங்கள். எந்தப் பட்டியல் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஸ்பாம்ஹவுஸ் (இத்தகைய பட்டியல்களை நடத்தும் அமைப்பு) என்றால் அதற்குள் எந்தப் பிரிவு என்றும் பாருங்கள். ஐபியைத் தலைகீழாகப் போட்டு (203.0.113.25 என்றால் 25.113.0.203) அதன் பின்னால் அவர்களுடைய ‘ஸென்’ மண்டலத்தின் பெயரை (zen.spamhaus.org) சேர்த்து டிஎன்எஸ் தேடினால் விடை வரும்: 127.0.0.2 எஸ்பிஎல் (ஸ்பாம் அனுப்புவோர்), 127.0.0.3 சிஎஸ்எஸ் (தானியங்கி முறையில் கண்டறிந்த ஸ்பாம் ஐபிகள்), 127.0.0.4 எக்ஸ்பிஎல் (மால்வேர் பிடித்த கணினிகள்), 127.0.0.10 அல்லது 11 பிபிஎல். பிபிஎல் குற்றச்சாட்டே அல்ல. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத டைனமிக் ஐபி வரம்புகளின் தொகுப்பு அது. அங்கே இருந்தால் சேவை நிறுவனத்தின் ரிலே (இடை மெயில் சர்வர்) வழியாக அனுப்புங்கள். நிலையான ஐபி என்றால் விலக்குக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்தத் தேடலை கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் ரிசால்வர் வழியாகச் செய்யாதீர்கள். 127.255.255.254 என்று வரும். அது பிழைக் குறி. அதைப் பார்த்துவிட்டு ஐபி ஏறிவிட்டது என்று பதறுபவர்கள் நிறைய.

அடுத்தது ஓட்டை. உங்கள் மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், போஸ்ட்சூப்பர் கட்டளையால் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) முழுவதையும் ஹோல்டில் (நிறுத்தி) போடுங்கள். அப்போதுதான் ஆதாரமும் கைவசம் இருக்கும், ஸ்பாமும் வெளியே போகாது. ஹோல்டு ஏற்கெனவே க்யூவில் இருப்பதை மட்டுமே பிடிக்கும் என்பதால், மெயில் வெளியே போகும் போர்ட் 25-ஐயும் ஃபயர்வாலில் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். பிறகு போஸ்ட்கேட் கட்டளை மூலம் இரண்டு மூன்று ஸ்பாம் மெயில்களின் ஹெடரைத் திறந்து, அந்த க்யூ ஐடியை லாக்கில் தேடுங்கள். அந்த வரியில் எஸ்ஏஎஸ்எல் (லாகின் சரிபார்ப்பு) யூசர்நேம் இருந்தால், யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. அதிகம் நடப்பது இதுதான். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே லாகின் ஆகித் திறந்திருக்கும் இணைப்பு தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வீஸை நிறுத்தித் தொடங்குங்கள்.

லாகின் எதுவும் இல்லாமல் வெப் சர்வரின் யூஐடி எனும் பயனர் எண்ணிலிருந்து மெயில் கிளம்பியிருந்தால், தளத்தில் உள்ள பிஎச்பி ஸ்கிரிப்டைச் சந்தேகியுங்கள். பிஎச்பி அமைப்பில் எக்ஸ்-ஹெடர் சேர்க்கும் வசதியை இயக்கிவிட்டால் எந்த ஃபைல் அனுப்பியது என்று ஹெடரிலேயே வந்துவிடும்.

எக்ஸ்பிஎல்லில் ஏறியிருந்து மெயில் லாக் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி மெயில் சர்வராக இல்லாமலிருக்கலாம். அதே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு கணினியில் மால்வேர் இருக்கும். மெயில் சர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் வெளியே போர்ட் 25-ஐத் தொட முடியாதபடி விதி போட்டு, தடுக்கப்பட்ட முயற்சிகளை லாக் செய்யுங்கள்; ஆள் தானாகச் சிக்குவார்.

விண்ணப்பிக்கும் முன் பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவு) சர்வரின் ஹெலோ பெயரையும் (இணைக்கும்போது சர்வர் சொல்லும் தன் பெயர்), அந்தப் பெயர் அதே ஐபியையும் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோதனையே பிழையாகிவிடும். டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) இரண்டும் இருக்கட்டும்.

இப்போது விண்ணப்பியுங்கள். ஸ்பாம்ஹவுஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. என்ன நடந்தது, எதை அடைத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்; எஸ்பிஎல் என்றால் மட்டும் உங்கள் சேவை நிறுவனம்தான் நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்பாம்காப் என்ற பட்டியலில் ஏறியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், புதுப் புகார் வராவிட்டால் சுமார் 24 மணி நேரத்தில் தானாக விழுந்துவிடும். யூசிஇபுரொடெக்ட் என்ற பட்டியலின் 2, 3ஆம் நிலைகள் பக்கத்து ஐபிகளின் பாவத்துக்காக உங்களையும் சேர்ப்பவை. சீக்கிரம் நீக்கக் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஐபியை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஓட்டை கூடவே வரும், புது ஐபிக்கு நற்பெயரும் இருக்காது.

பெயர் நீங்கிய பிறகு ஹோல்டில் உள்ள ஸ்பாமை நீக்கிவிட்டு மற்றதை விடுவித்து, போர்ட் 25-ஐத் திறந்துவிடுங்கள். 4-இல் தொடங்கும் குறியோடு தள்ளிப்போடப்பட்டவை க்யூவில் இயல்பாக 5 நாள் வரை முயன்றுகொண்டிருக்கும். 550 வாங்கித் திரும்பியவை தாமாகப் போகாது, அனுப்பியவர்களே மறுபடி அனுப்ப வேண்டும். அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.