அர்த்தம் தெரியாமல் ஆடுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு எட்டு வயது. டான்ஸ் என்றால் அவளுக்கு உயிர். பக்கத்துத் தெருவில் உள்ள டான்ஸ் கிளாஸுக்கு இரண்டு வருடமாகப் போகிறாள். அடுத்த மாதம் ஒரு போட்டி வருகிறது, எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் குரூப் டான்ஸ். மாஸ்டர் நான்கைந்து சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டி ஒரு மெட்லி செய்திருக்கிறார். அதில் ஒன்று, படத்தில் குடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் நடுவே ஒரு பெண் ஆடுகிற பாட்டு. அதே ஸ்டெப்பைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம். காஸ்ட்யூம், குட்டைப் பாவாடையும் வயிறு தெரிகிற மேல்சட்டையும்.

நான் தயங்கியபோது மாஸ்டர், "இப்படி ஆடினாத்தான் ஷீல்டு கிடைக்கும் மேடம்" என்றார். என் கணவர், "குழந்தைக்கு அர்த்தமா தெரியும்? நீதான் தப்பாப் பாக்கறே" என்கிறார். மாமியார் ஒரேயடியாக டான்ஸையே நிறுத்தச் சொல்கிறார். பேசாமல் பரதநாட்டியத்தில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நான்தான் பழைய பஞ்சாங்கமாக யோசிக்கிறேனா?

பெயர் போட வேண்டாம் அக்கா. எங்கள் ஊர் சின்ன ஊர்.

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் பழைய பஞ்சாங்கம் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் சொல்கிறார் என்று டான்ஸை நிறுத்திவிடாதீர்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை, ஸ்டெப் போட்டதும் அவள் இல்லை. பெரியவர்கள் செய்ததற்கு அவளுக்குப் பிடித்த ஒன்றைப் பிடுங்குவது நியாயமே இல்லை.

உங்கள் கணவர் சொல்வது ஒருவகையில் உண்மைதான். குழந்தைக்கு அர்த்தம் தெரியாது. எட்டு வயதில் உதட்டைக் கடிப்பது, நாக்கைத் துருத்துவது மாதிரி இன்னொரு சேட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்டெப்பைப் போட்டவருக்கு அர்த்தம் தெரியும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஜட்ஜுக்கும் தெரியும். அந்த இடம் வரும்போது விசில் பறக்கிறதே, அது அர்த்தம் தெரிந்தவர்கள் அடிக்கிற விசில். அரங்கத்தில் அது தெரியாத ஒரே ஆள், ஆடிக்கொண்டிருக்கிற குழந்தை. அவளுக்குப் புரிவது ஒன்றுதான்: இந்த இடத்தில் கைதட்டு வருகிறது. அடுத்த முறை அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்வாள். தாளம் தப்பாமல் ஆடியதற்கு வராத கைதட்டு, கண்ணைச் சொருகிப் பார்த்ததற்கு வந்தால், எதை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கற்றுக்கொள்வாள்? எனக்குப் பயம் இந்தப் பாடத்தைப் பற்றித்தான். அர்த்தம் தெரியாது என்பதை அவளை ஆடவிடுவதற்கான காரணமாகச் சொல்கிறோம். எனக்கு அதுவேதான் ஆடவிடக்கூடாது என்பதற்கான காரணம்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2010-ல் அமெரிக்காவில் ஒரு நடனப் போட்டியில் எட்டு ஒன்பது வயதுச் சிறுமிகள் சிலர் பாடகி பியான்சேயின் பாட்டு ஒன்றுக்கு ஆடினார்கள். அபாரமான ஆட்டக்காரிகள். ஆனால் உடையும் அசைவும் வயதுவந்த பெண்களுடையவை. அந்த வீடியோ யூடியூபில் பரவி நாடெங்கும் பெரிய விவாதமானது. பெற்றோர் டிவியில் வந்து, இது போட்டிக்காக ஆடியது, லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பதற்காக இல்லை என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் மனசாரத்தான் சொன்னார்கள், சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பவர் யார் என்பது கேமரா ஓடத் தொடங்கியதும் நம் கையில் இல்லை. 2019 பிப்ரவரியில் யூடியூப் நிறுவனம், சிறுவர் சிறுமியர் வருகிற பெரும்பாலான வீடியோக்களில் கருத்து எழுதும் வசதியையே நிறுத்தியது. வீட்டில் விளையாடுகிற, ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிற சாதாரண வீடியோக்களுக்குக் கீழே கூட, எந்த நொடியில் குழந்தையின் உடம்பு எப்படித் தெரிகிறது என்று சிலர் குறித்து வைத்துக்கொண்டிருந்தது அம்பலமான பிறகு எடுத்த முடிவு அது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. போட்டி முடிந்த பத்தாவது நிமிடம் அது எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் இருக்கும். அதையும் யோசித்துத்தான் ஸ்டெப் போட வேண்டும்.

நம் அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2019 ஜூன் 18 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. டான்ஸ் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில், சினிமாவில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளைக் குழந்தைகளை வைத்து ஆடவைக்கிறார்கள், அவை பல நேரம் வயதுக்கு ஒவ்வாதவை, தவிருங்கள் என்பதுதான் அதன் சாரம். உங்கள் மாஸ்டர் செய்வது அச்சு அசல் இதைத்தான். ஆனால் அந்த அறிவுரை டிவிக்கு மட்டும். கல்யாண மண்டபத்தில் நடக்கிற போட்டிக்கு யார் அறிவுரை அனுப்புவது? நாம்தான் சொல்லியாக வேண்டும்.

காஸ்ட்யூம் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோல் தெரிவதே தப்பு என்கிற கட்சி நான் இல்லை. நீச்சல் குளத்தில் நீச்சல் உடை, ஜிம்னாஸ்டிக்ஸில் இறுக்கமான உடை, எல்லாம் அந்த வேலைக்காகத் தைத்தவை. அந்த உடை குழந்தைக்கு உதவுகிறதா, இல்லை குழந்தை அந்த உடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். முன்வரிசை ஓரத்தில் ஏழு வயதிருக்கும், ஒரு பெண். தோள் இல்லாத மேல்சட்டையை ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தார்கள். ஊக்கு விட்டுப்போயிருக்க வேண்டும். பாட்டு முழுக்க இடது கையால் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஆடினாள். ஒரு ஸ்டெப்பைக்கூட விடவில்லை. தாளம் அந்தப் பெண்ணின் உடம்பிலேயே இருந்தது. இரண்டு கையையும் வீசி ஆடினால் அவள் எப்படி இருப்பாள் என்று அன்றைக்கு யாருக்கும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வாடகைக் கடையிலிருந்து காஸ்ட்யூம் வந்ததும் மகளுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள், குதிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது அவள் கை துணியை இழுத்துவிடப் போனால் அந்த உடை அவளுக்கு ஆகாது. லைனிங் கொடுத்து, உள்ளே லெகிங்ஸ் போட்டு, மேல்சட்டையை நான்கு விரற்கடை இறக்கித் தைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஜிகினாவைக் குறைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஜிகினா பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.

பாட்டுக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். இசையை நிறுத்திவிட்டு வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கூடத்தில் உங்கள் கணவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மகள் எதிரில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் எந்த வரியில் நிறுத்துகிறாரோ அந்த வரியை வெட்டிவிட வேண்டியதுதான். சினிமாப் பாட்டே கூடாது என்று சொல்லமாட்டேன், நம் குழந்தைகள் ஆடி வளர்ந்ததே அதில்தான். ஆனால் கும்மியும் கோலாட்டமும் எட்டுப் பிள்ளைகளுக்கு என்றே அமைந்தவை போல இருக்கும். காவடிச் சிந்தின் ஓட்டத்துக்கு ஈடான வேகம் எந்த மெட்லியிலும் கிடையாது. தேவராட்டம் என்கிற நாட்டுப்புற ஆட்டத்துக்குப் பாட்டே இல்லை, தேவ துந்துபி என்கிற வாத்தியம் ஒன்றுதான், மற்றதெல்லாம் காலும் கையும். எட்டுப் பிள்ளைகள் ஒரே வீச்சில் திரும்பினால் மண்டபம் அதிரும். ஷீல்டு வேண்டும் என்கிற மாஸ்டருக்கு இதையும் சொல்லிப் பாருங்கள்.

பையன்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை. ஒன்பது வயதுப் பையன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிறான், அரிவாளைச் சுழற்றுகிறான், கூட ஆடும் பெண்ணைத் துரத்தித் துரத்தி வம்பிழுக்கிறான். சபை சிரிக்கிறது. அவனுக்கும் அர்த்தம் தெரியாது, அவனும் கைதட்டிலிருந்துதான் கற்றுக்கொள்கிறான். பெண் குழந்தையின் பாவாடை நீளத்தோடு நம் கவலை நின்றுவிட்டால், அது கடைசியில் உங்கள் மாமியார் நிற்கிற இடத்துக்குத்தான் கொண்டுபோய்விடும்.

உடம்பு விஷயம் ஒன்று. இந்த மெட்லிகளில் தடாலென்று முட்டி போட்டு விழுவதும் சறுக்கிப் போவதும் கட்டாயம் இருக்கும். வளர்கிற வயதில் முட்டிச் சிப்பிக்குக் கீழே தசைநார் எலும்போடு சேருகிற இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. சிமெண்ட் தரையில் மாலை முழுக்க அதையே செய்தால் அங்கே வீங்கும், வலிக்கும். நடிப்பிலும் டிவி நிகழ்ச்சிகளிலும் வருகிற குழந்தைகளுக்கு 2017-ல் மத்திய அரசு விதி போட்டது. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தெருமுனை டான்ஸ் கிளாஸ் பிராக்டிஸ் அந்த விதிக்குள் வராது. போட்டி நெருங்கினால் ராத்திரி பத்து மணி வரைகூட நடத்துகிறார்கள். அவ்வளவு நேரம் விடாமல் நீங்கள் போய் அழைத்து வந்துவிடுங்கள்.

சரி, பரதநாட்டியம். சேருங்கள், நல்ல விஷயம். ஆனால் அது தானாகவே பாதுகாப்பான இடம் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். பத்து வயதுப் பெண், நேற்றிரவு வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்த நாயகனைப் பற்றித் தோழியிடம் முறையிடுகிற பதம் என்கிற அபிநயப் பாட்டை ஆடி நான் பார்த்திருக்கிறேன். பட்டுப் புடவையில் தைத்த உடை, நெற்றிச் சுட்டி, கழுத்து வரை மூடியிருந்தது. சபையில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. சிருங்காரம், அதாவது காதல் பாவம், தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், நம் நடனத்தின் உச்சமே அதுதான். அதனாலேயே அதை வாழ்ந்து பார்த்த உடம்பு ஆட வேண்டும். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் அரங்கேறவில்லையா என்று கேட்பார்கள். அரங்கேறினார். வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்பப் பிள்ளையின் சிஷ்யை, தலைமுறை தலைமுறையாக இசையிலேயே ஊறிய வீடு. ஷீல்டுக்காக மூன்று மாதத்தில் ஜாவளி என்கிற காதல் பாட்டு ஒன்றை உருப்போட்டு ஏறிய மேடை இல்லை அது.

பரதநாட்டியக் கச்சேரிக்குத் தஞ்சை நால்வர் என்கிற சகோதரர்கள் வகுத்ததாகச் சொல்லும் வரிசையைப் பாருங்கள், அதிலேயே ஒரு விவேகம் இருக்கிறது. முதலில் அலாரிப்பு. அதில் கதை இல்லை, தாளத்துக்குச் சொல்லும் சொற்கட்டு மட்டும். கண், கழுத்து, தோள், கை, கால் என்று உடம்பு ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கிறது. அடுத்த ஜதீஸ்வரத்தில் ஸ்வரம் உண்டு, சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது. பாட்டின் சொல்லுக்கு அபிநயம் பிடிக்கிற வேலை அதற்கடுத்து வருகிற சப்தம் என்கிற உருப்படியில்தான் தொடங்குகிறது. பதமெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். இந்த நிதானம் உள்ள ஆசிரியை கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போதே, பன்னிரண்டு பதிமூன்று வயது வரைக்கும் என்னென்ன உருப்படி கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். யசோதையிடம் மாட்டிக்கொண்ட கண்ணன் என்றால் குழந்தை தன் வீட்டில் நடப்பதையே ஆடலாம். முகத்தில் பாவம் தானாக வரும், யாரும் உதட்டைக் கடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இப்படி ஆடினால்தான் ஷீல்டு" என்று மாஸ்டர் சொன்னதை நான் பொய் என்று தள்ளமாட்டேன். அவர் கிளாஸ் நடக்க ஷீல்டு வேண்டும், அடுத்த வருடம் பிள்ளைகள் சேர வேண்டும். எதற்கு மார்க் விழுகிறதோ அதைத்தான் எல்லா மாஸ்டர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாப் போட்டியான கலோத்சவத்தில் 1986-லிருந்து கலாதிலகம், கலாபிரதிபா என்று பட்டம் கொடுத்தார்கள். போட்டி பெற்றோர்களுக்கு நடுவே என்று ஆகி, புகாரும் மேல்முறையீடுமாகப் பெருகியது. கடைசியில் பட்டங்களையே எடுத்துவிட்டார்கள். நடத்துகிறவர்கள் நினைத்தால் மாற்ற முடியும். அமெரிக்காவில் பல போட்டிகளின் விதிப் புத்தகத்திலேயே பாட்டு, உடை, அசைவு மூன்றும் வயதுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் மார்க் குறையும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மார்க் தாளில் தாளம், ஒத்திசைவு, முகபாவம், காஸ்ட்யூம் என்று கட்டம் போடுகிறவர்கள், வயதுக்குப் பொருத்தம் என்று இன்னும் ஒரு கட்டம் போடுவதற்கு ஐந்து பைசா செலவில்லை. எட்டுப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு நுழைவுப் படிவத்தோடு அதைக் கேட்டு ஒரு கடிதம் வையுங்கள். எட்டுப் பேர் கட்டணம் போகும் என்றால் படிப்பார்கள்.

அதற்கு முன்னால் மாஸ்டரிடம் பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னும் இரண்டு அம்மாக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டான்ஸே மோசம் என்று தொடங்கினால் அவர் மனம் மூடிக்கொள்ளும். "அந்த ஒரு பாட்டை மட்டும் மாற்றுங்கள் மாஸ்டர், அந்த இரண்டு ஸ்டெப்பும் அந்த முகபாவமும் வேண்டாம், காஸ்ட்யூமுக்கு லைனிங் நாங்களே கொடுக்கிறோம்" என்று குறிப்பாகக் கேளுங்கள். எட்டு வயதுக்காரர்களால் எவ்வளவு வேகமாக ஒரு புது ஸ்டெப்பைப் பிடித்துக்கொள்ள முடியும் என்று அவருக்கே தெரியும்.

மகளிடம் "அசிங்கம்" என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் வாயிலிருந்தும் வேண்டாம், மாமியார் வாயிலிருந்தும் வேண்டாம். அந்த ஸ்டெப் அசிங்கம் என்று நாம் சொன்னால் நான் அசிங்கம் என்றுதான் அவள் காதில் விழும். "அந்த ஸ்டெப் பெரியவங்களுக்குப் போட்டது கண்ணு, உனக்குன்னு வேற ஒண்ணு போடச் சொல்லியிருக்கோம்" என்றால் போதும், அவள் போய் அதைக் கற்றுக்கொண்டு வருவாள்.

மாஸ்டர் மறுத்தால் இந்த ஒரு போட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். கிளாஸை மாற்றலாம், டான்ஸை விட வேண்டாம். எதுவானாலும் இந்த வாரமே பேசிவிடுங்கள். காஸ்ட்யூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் எட்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பது கஷ்டம்.

அன்புடன்,
அக்கா