கடன் ஆப்பை நீக்கினால் தகவலும் அழியுமா?

கேள்வி: அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் விண்ணப்பித்தேன். போன் நம்பர்கள், கேமரா என்று கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் கடன் கிடையாது என்று வந்துவிட்டது. ஆப்பை நீக்கிவிட்டேன். என் விவரங்கள் அவர்களிடம் இருக்குமா? ஒரு ஏஜென்ட் 3,000 ரூபாய்க்கு அழித்துத் தருவதாகச் சொல்கிறார்.
‍- வாசகி, ஈரோடு

பதில்: அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆப்பை நீக்கினால் உங்கள் போனிலிருந்துதான் போகும். நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது அங்கேயே இருக்கும். அதில் எந்த ஏஜென்டும் கை வைக்க முடியாது. 'சரிபார்க்க' என்று ஆதார் நகலும் ஓடிபியும் கேட்பார், அல்லது போன் திரையைப் பகிரச் சொல்வார். உங்கள் பெயரில் வேறொரு கடன் விழ அது போதும். சிபில் ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொல்பவர்களும் இதே கூட்டம்தான்.

ரிசர்வ் வங்கி விதி 2022-லிருந்தே தெளிவாக இருக்கிறது: கடன் ஆப் உங்கள் போன் நம்பர் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதுவும் கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்புக்காக, உங்கள் வெளிப்படையான சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை. ஆகவே கேஒய்சிக்காக உங்கள் முகத்தைப் படம் எடுத்திருந்தால் அது தவறில்லை. அதே அனுமதியை வைத்துக்கொண்டு மறுநாளும் கேமராவைத் திறந்தால் தவறு. நம்பர் பட்டியலை எடுத்தது எந்த நிலையிலும் தவறு.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் அதே விதி உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் உங்களுக்குக் கடன் இல்லை என்று சொன்னது, பழைய கடனாளிகளின் விவரங்களைக் கொடுத்துப் பழக்கிய ஒரு கணிப்பு மென்பொருளாக இருக்கலாம். அது உங்கள் தகவலிலும் பழகியிருந்தால், கோப்பை அழித்தாலும் கற்றது அப்படியே நிற்கும். அமெரிக்காவில் 2021-ல் எவரால்பம் என்ற புகைப்பட ஆப் நிறுவனத்தை, பயனர் படங்களில் பழக்கிய முகம் அறியும் மென்பொருளையும் சேர்த்தே அழிக்க வைத்தார்கள். நம் தனிநபர் தரவுச் சட்டத்தில் அப்படித் தெளிவான வாசகம் கிடையாது. 2023-ல் நிறைவேறிய சட்டத்துக்கு விதிகள் வந்ததே 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம். அதுவரை மக்கள் எங்கே போவது?

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஆப் அதில் இருந்தால், கடன் தரும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு 'சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் தகவலை அழித்து எழுத்தில் உறுதி தாருங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. பட்டியலில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' புகார் தளத்தில் புகார் செய்யுங்கள். உறவினர்களுக்கு மிரட்டல் அழைப்பு போனால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.