கன்றை அண்டவிடாத மாடு

கேள்வி: "இரண்டாம் ஈத்து, ஈன்று இருபது நாள், வேளைக்கு 7 லிட்டர்" என்று சந்தையில் ஒரு ஜெர்சி கலப்பின மாட்டை விற்றார்கள். கண்ணெதிரே 7 லிட்டர் கறந்தும் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இரண்டு வேளையும் சேர்த்தே 5 லிட்டர்தான். கன்று கிட்டே போனால் உதைக்கிறது. தீவனக் குறையா? அடுத்த சந்தையில் விற்றுவிடலாமா?

பதில்: தீவனத்தின் மேல் பழி வேண்டாம் அம்மா. இடம் மாறிய மாடு சில நாள் பால் குறைக்கும்தான், ஆனால் பாதிக்கும் கீழே போய் அங்கேயே நிற்காது. முந்தைய வேளை கறக்காமல் மடியில் தேக்கியிருப்பார்கள். நீங்கள் பார்த்த 7 லிட்டர் ஒரு நாள் பால்.

எனக்கு உறுத்துவது அந்த உதைதான். காம்பில் புண்ணோ மடிநோயோ இருந்தாலும் உதைக்கும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புண்ணும் திரியும் இல்லையென்றால், பெரும்பாலும் கன்று அந்த மாட்டினுடையது அல்ல. கறவை முற்றிய, அதாவது ஈன்று பல மாதமாகிப் பால் குறைந்துவிட்ட, மாட்டின் பக்கத்தில் வேறொரு இளங்கன்றைக் கட்டி விற்பது சந்தையில் பழைய வித்தை.

வாயையும் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக நான்கு வயதுவாக்கில் சேரும். தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் இரண்டாம் ஈத்து என்றதும் பொய். வயது பார்க்கக் கொம்பு வளையத்தை எண்ணாதீர்கள், அரம் போட்டு எண்ணெய் தடவினால் எந்தக் கொம்பும் இளசுதான்.

விற்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சினை பாருங்கள். காதில் வில்லை இருந்தால் அதன் 12 இலக்க எண்ணையும் காட்டுங்கள். கருவூட்டல் பதிவாகியிருந்தால் தெரியும். கறவை முற்றிய மாடு சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து மாதச் சினையென்றால் நாலேகால் மாதத்தில் உங்கள் கொட்டகையிலேயே ஈனும். இப்போதே சந்தைக்கு ஓட்டினால், அதே கன்றைக் கட்டி அதே பொய்யைச் சொன்னால்தான் போட்ட பணம் வரும். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

இனி மாடு வாங்கினால் முதல் வேளைப் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒட்டக் கறக்கச் சொல்லி, அடுத்த இரண்டு வேளையும் கூடவே இருந்து அளந்து பாருங்கள்.

அந்தக் கன்றை மாட்டிடம் விடாமல், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலைப் பிரித்துப் பாத்திரத்தில் கொடுங்கள். 25 கிலோ கன்றென்றால் 2.5 லிட்டர். உங்களுக்குக் கிடைப்பதில் பாதி போகும், தெரியும். இப்போது குறைத்தால் கன்று தேறாது.